ஸ்டீம்போட் வில்லி: காதால் பார்க்க வேண்டிய படம்

‘ஸ்டீம்போட் வில்லி’யை மிக்கி மவுஸின் முதல் படம் என்று சொல்லித்தான் எல்லாரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அது முழு உண்மை அல்ல. ‘பிளேன் கிரேஸி’, ‘தி கேலப்பின் கௌச்சோ’ என்ற இரண்டு மிக்கி படங்கள் அதற்கு முன்பே ஊமைப் படங்களாகத் தயாராகிவிட்டன. வாங்கி வெளியிட ஆள் கிடைக்காததால் அவை பெட்டிக்குள் கிடந்தன. மூன்றாவதாக எடுக்கப்பட்ட இந்தப் படம் 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் ஒலியோடு திரையேறியதால் முதலாவது என்ற பெயரை வாங்கிக்கொண்டது. அந்த ஒலிதான் இதன் உயிர். தவிலும் ஜாலராவும் காதில் விழ வளர்ந்த காவிரிப் படுகைக்காரர் ஒருவர் இதைத் தேடிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆற்றில் ஒரு நீராவிப் படகு போகிறது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு சீட்டியடிக்கும் மிக்கி அந்தப் படகின் தலைவன் அல்ல, ஏவிய வேலையைச் செய்யும் ஆள்தான். தலைவனான பீட் என்ற முரட்டுப் பூனை வந்து அவனைச் சுக்கானிலிருந்து விரட்டிவிடுகிறது. படகு ஒரு சிற்றூர்த் துறையில் நின்று கால்நடைகளை ஏற்றிக்கொள்கிறது. நேரம் தவறிக் கரையோரமாக ஓடிவரும் தன் தோழி மின்னியை மிக்கி பளுதூக்கியின் கொக்கியால் தூக்கி ஏற்றுகிறான். அவள் கொண்டுவந்த இசைத்தாளையும் சிறிய கிதாரையும் தளத்தில் நின்ற ஆடு தின்றுவிடுகிறது. ஆட்டின் வாலைப் பிடித்துச் சுழற்றினால் தின்ற பாட்டு அதன் வாய்வழியே வெளியே வருகிறது. பிறகு மிக்கி கையில் அகப்பட்ட பாத்திரம் பண்டங்களையும் படகிலிருக்கும் பிராணிகளையும் வாத்தியங்களாக்கி ஒரு கச்சேரியே நடத்துகிறான். ஆத்திரத்தோடு வரும் பீட் அவனை உருளைக்கிழங்கு உரிக்க அனுப்பிவிடுகிறது. கதை அவ்வளவுதான். பஸ்டர் கீட்டன் நடித்து அதே ஆண்டு வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ என்ற படத்தின் பெயரைக் கேலியாகத் திருப்பித்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்கும் இதில் புரியாமல் போவது எதுவும் இல்லை.

ஒலி சேர்ந்த முதல் கேலிச்சித்திரப் படம் என்ற பட்டத்தையும் சிலர் இதற்குச் சூட்டுவதுண்டு. அதுவும் சரியல்ல. பிளைஷர் சகோதரர்கள் 1926இலேயே ‘மை ஓல்ட் கென்டக்கி ஹோம்’ என்ற படத்தை ஒலியோடு எடுத்திருந்தார்கள். இதே 1928இல் பால் டெர்ரியின் ‘டின்னர் டைம்’ என்ற படமும் ஒலியோடு முன்னதாகவே திரையிடப்பட்டது; அதைப் பார்த்த, ‘ஸ்டீம்போட் வில்லி’யை எடுத்துக்கொண்டிருந்த வால்ட் டிஸ்னிக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதற்கான காரணம் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு உடனே விளங்கும். ‘டின்னர் டைம்’ படத்தில் ஓசைகள் நிறைய உண்டு. ஆனால் அவை படம் ஓடும் பாதைக்குப் பக்கத்தில் தனியாக ஓடுகின்றன. நாய் குரைக்கிறது, யாரோ கத்துகிறார்கள், வாத்தியம் ஒலிக்கிறது. எந்த ஓசையை எடுத்துவிட்டாலும் காட்சி அப்படியே நிற்கும். ‘ஸ்டீம்போட் வில்லி’யின் நகைச்சுவைகளில் பாதிக்கு மேல் ஒலியை அணைத்துவிட்டால் நகைச்சுவையாகவே இருக்காது.

பீட் புகையிலை மெல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். மிக்கியை விரட்டிவிட்டுச் சுக்கானருகே நிற்கும் பீட் ஒரு புகையிலைக் கட்டியைக் கடித்து, வாய் நிறைய மென்று, காற்றில் துப்புகிறது. துப்பியது காற்றில் வளைந்து திரும்பி வந்து, பின்னால் தொங்கும் மணியில் பட்டு ‘டங்’ என்று ஒலிக்கிறது. பீட்டுக்கு ஒரே சந்தோஷம். மறுபடியும் மென்று, மறுபடியும் துப்பி, மணிச் சத்தத்தைக் கேட்கும் ஆவலோடு திரும்பிப் பார்க்கிறது. இந்த முறை அத்தனையும் முகத்தில் வந்து அப்பிக்கொள்கிறது. இதில் சிரிப்பு முகத்தில் அப்பியதில் மட்டும் இல்லை. வர வேண்டிய இடத்தில் மணிச் சத்தம் வராமல் போனதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. முதல் முறை அந்த ஒலி எந்த இடத்தில் விழுந்ததோ, அந்த இடத்தை நம் காது குறித்து வைத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை அதே இடத்தில் ஒலிக்குப் பதிலாக முகம் வந்து நிற்கிறது. கும்பகோணத்தை அடுத்த எங்கள் பகுதி நூலகத்தில் கோடை விடுமுறைத் திரையிடலில் இந்தக் காட்சிக்குக் குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். வெற்றிலைக்குப் பெயர்போன ஊர்ப்பக்கம்; எதிர்க்காற்றில் துப்பினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி அல்ல.

அன்று பின்வரிசையில் ஒரு முதிய தவில் வித்வான் உட்கார்ந்திருந்தார். ஆட்டின் வாலைச் சுழற்றிப் பாட்டைத் தொடங்கியது முதல் அவருடைய வலக்கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. சிரிக்கவில்லை, கச்சேரியில் கேட்பதைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம், “தம்பி, ஒரு இடத்துலயும் காலப்பிரமாணம் ஓடலய்யா. பொம்மை போடறவனுக்கு யாரு இவ்வளவு கணக்கு சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார். தாளத்தின் வேகம் எங்கும் பிசகவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். படத்தைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை.

கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் வில்பிரட் ஜாக்சன். டிஸ்னியிடம் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத இளைஞர் அவர். இசை கொஞ்சம் தெரிந்தவர். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியைக் கொண்டுவந்து, இந்த வேகத்தில் இசை போனால் ஒரு தட்டுக்கு எத்தனை படம் வரைய வேண்டும் என்று வகுத்துக் காட்டினார். ஒலிப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், என்ற நிலையான வேகத்தில் ஓடுவது. கையால் சுழற்றப்பட்டு, ஓட்டுபவரின் மனநிலைக்கு ஏற்ப வேகம் கூடியும் குறைந்தும் ஓடிய ஊமைப் படத்தில் இந்தக் கணக்குக்கு இடமே இல்லை. வேகம் நிலைபெற்றதும் காலம் அளவைக்குள் வந்துவிட்டது. நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம். 180 தட்டு என்றால் 8 ஃபிரேம். பாட்டின் சுரங்களை ஒரு தாளில் கட்டம் கட்டமாக எழுதி, எந்தக் கட்டத்தில் மிக்கியின் கை இறங்க வேண்டும், எந்தக் கட்டத்தில் மாட்டின் வாய் திறக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகே படம் வரைந்தார்கள். வரைந்த பிறகு இசையைத் தேடிப் பொருத்தவில்லை.

லய ஞானம் உள்ளவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கலாம். 12 ஃபிரேம் கொண்ட ஒரு தட்டைச் சதுரச்ர நடையில் நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் 3 ஃபிரேம். திச்ரத்தில் மூன்றாகப் பிரித்தால் 4 ஃபிரேம். இரண்டுமே மிச்சமில்லாமல் வகுபடும். கண்டத்தில் ஐந்தாகவோ மிச்ரத்தில் ஏழாகவோ பிரித்தால் வகுபடாது. ஒரு பங்கு நீளும், ஒரு பங்கு குறையும். ஒரு ஃபிரேமைப் பாதியாக்க வழியில்லை. ஆகவே இந்தக் கலை பிறக்கும்போதே இரண்டாகவும் மூன்றாகவும் வகுபடும் கணக்குகளுக்கு இணங்கியதாகப் பிறந்துவிட்டது என்றும், அது எடுத்துக்கொண்ட ‘டர்க்கி இன் தி ஸ்ட்ரா’ என்ற அமெரிக்க நாட்டுப்புற மெட்டு நேர்நடையில் துள்ளிப் போவது அதற்குத் தோதாக அமைந்துவிட்டது என்றும் எனக்குத் தோன்றுகிறது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலில் நடைகளை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகின் மறுமூலையில் சில இளைஞர்கள் ஒரு தட்டுக்குள் எத்தனை அசைவை அடக்கலாம் என்று தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வேலையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பழகிய காதுக்கு மற்றொன்றின் அருமை விரைவில் பிடிபடும்.

படம் வரையும்போதே கணக்கு சரியாக இருந்தும், ஒலியைப் பதிவு செய்வதில் பெரும் இடர் வந்தது. நியூயார்க்கில், பாட் பவர்ஸ் என்பவரின் சினிபோன் என்ற ஒலிப்பதிவு முறையில், கார்ல் எடுவார்ட் என்ற இசைநடத்துநரின் தலைமையில் 1928 செப்டம்பரில் முதல் பதிவு நடந்தது. திரையில் ஓடும் படத்தோடு வாத்தியக் குழுவால் ஒத்துப்போக முடியாமல் அந்தப் பதிவு வீணாயிற்று. அடுத்த பதிவுக்குப் பணம் புரட்டுவதற்காக டிஸ்னி தன் காரை விற்கச் சொல்லித் தன் அண்ணன் ராய்க்குச் செய்தி அனுப்பினார். இரண்டாம் முறை, படத்திலேயே தாளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் துள்ளும் பந்து போன்ற ஓர் அடையாளத்தைப் பதித்து, அதைப் பார்த்தபடி இசைநடத்துநர் குழுவை நடத்தினார், ஒலி ஒட்டிக்கொண்டது. குழுவில் எத்தனை தேர்ந்த வித்வான்கள் இருந்தாலும் தாளம் போடுபவர் ஒருவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நாதஸ்வரக் கச்சேரி கேட்பவர்கள் அறிந்ததே. இங்கே அந்த வேலையை ஒரு வெள்ளைப் பந்து செய்தது.

இதற்கும் முன்பு, படம் பாதி தயாரான நிலையில் ஜூலை மாதத்தில் நடந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒலி சேர்ந்தால் உண்மையிலேயே சிரிப்பு கூடுமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. படம் காட்டும் இயந்திரத்தின் இரைச்சல் உள்ளே வராதபடி, ராய் டிஸ்னி அதை வெளியே வைத்துச் சன்னல் வழியாகப் படத்தை உள்ளே பாய்ச்சினார். ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசித்தார். படத்தின் பெரும்பகுதியை வரைந்தவரான அப் ஐவர்க்ஸ் தட்டுமுட்டுச் சாமான்களைத் தட்டித் தாளம் கொடுத்தார். வேறு சிலர் மற்ற ஓசைகளை எழுப்பினார்கள். அவர்களுடைய மனைவிமார்தான் பார்வையாளர்கள். நம் ஊர்களில் ஊமைப் படம் காட்டிய காலத்தில் திரைக்கருகே நின்று கதை சொன்னவர்களும் வாத்தியம் வாசித்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் செய்துவந்தார்கள். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோன நாளிலிருந்து இந்தப் பக்கத்து மக்களுக்குச் சினிமா தெரியும். ஆனால் படமே வாய் திறந்து பேசுவதைத் தமிழில் கேட்க அவர்கள் 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் நாயகியாக நடித்துப் பாடிய டி.பி. ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். இரண்டு படங்களுக்கும் இடையில் மூன்று ஆண்டு இடைவெளிகூட இல்லை என்பதை எங்கள் நூலகத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. மிக்கி அவ்வளவு பழையவன் என்பதும், தமிழ்ப் பேசும்படம் அவ்வளவு பழையது என்பதும் அவர்களுக்கு ஒருசேரப் புதிதாக இருந்தன.

இனி, பிராணிகளின் கச்சேரி. படத்தின் இரண்டாம் பாதியே இதுதான். மிக்கி முதலில் பாத்திரங்களையும் துணி துவைக்கும் பலகையையும் தட்டுகிறான். அதுவரை யாருக்கும் ஆட்சேபம் இராது. பிறகு பூனையின் வால் கிடைக்கிறது. வாலை இழுத்தால் ஒரு குரல், விட்டால் ஒரு குரல். வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக் கழுத்தை நீட்டிப் பையிசைக் கருவி போல வாசிக்கிறான். பால் குடித்துக்கொண்டிருக்கும் பன்றிக்குட்டிகளின் வால்களை ஒவ்வொன்றாக இழுத்து மெட்டை எடுக்கிறான். பின்னர்க் குட்டிகளை உதறிவிட்டுத் தாய்ப்பன்றியையே தூக்கி அக்கார்டியன் போல அமுக்குகிறான். கடைசியாக மாட்டின் வாயைத் திறந்து, அதன் பல்வரிசையைக் கொட்டால் தட்டிச் சைலபோன் வாசிக்கிறான். ஒவ்வொரு பிராணியும் மெட்டின் ஓர் அடியை எடுத்துக்கொள்கிறது. அந்த அடி முடியும் இடத்தில் அடுத்த பிராணி தயாராக நிற்கிறது. ஒரு வாத்தியம் விட்ட இடத்திலிருந்து அடுத்தது எடுக்கும் இந்த ஏற்பாட்டில் இடைவெளியும் இல்லை, முட்டிக்கொள்வதும் இல்லை.

இவற்றில் மாட்டுப் பல் காட்சிதான் உச்சம் என்பேன். மேற்பல், கீழ்ப்பல் என்று அவன் கொட்டு மேலும் கீழுமாகப் போகும் ஒவ்வொரு முறையும் சுரமும் அதற்கேற்ப மாறுகிறது. மாடோ வாயைத் திறந்துகொண்டு, இதில் தனக்கு ஒன்றும் இல்லை என்பதுபோலப் பொறுமையாக நிற்கிறது. (மாட்டுக்கு மேல் முன்வரிசைப் பல் கிடையாது என்று ஒரு பையன் எழுந்து நின்று சொன்னான். உண்மைதான், மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை.) இதே பாணியில், துறையில் மாடு ஏற்றும் காட்சியும் நம் பக்கத்தவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும். வயிறு ஒட்டிய மாட்டுக்கு, தூக்கும் வார்ப்பட்டை தொளதொளவென்று நழுவுகிறது. மிக்கி ஒரு வைக்கோற் கட்டை அள்ளி அதன் வாயில் திணிக்க, வயிறு அந்தக் கணமே உப்பிப் பட்டையில் இறுகிக்கொள்கிறது.

ஆனால் எல்லாமே சிரிப்பல்ல. பன்றிக்குட்டிகளை இழுக்கும் காட்சியில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “அதுக்கு வலிக்காதா மாமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தப் படத்தை வாயாரப் புகழ என்னால் முடியாது. பூனையை வாலைப் பிடித்துச் சுழற்றி எறிவது எனக்கு அறவே பிடிக்கவில்லை; அதில் இசையும் பெரிதாக இல்லை, வெறும் துன்புறுத்தல்தான் இருக்கிறது. வாத்துக்கும் பன்றிக்கும் வரைபடத்தின் ரப்பர் போன்ற உடல் இருப்பதால் வலி நம்மைத் தாக்குவதில்லை என்று சொல்லலாம். அது ஓரளவு உண்மையும்கூட. இருந்தாலும், பிற்காலத்தில் நல்ல பிள்ளையாகிவிட்ட மிக்கியை மட்டும் அறிந்த குழந்தைகளுக்கு இந்த மிக்கி ஒரு போக்கிரி என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மின்னியைக் கொக்கியால் தூக்கும் காட்சியில் கொக்கி அவள் உள்ளாடையில் மாட்டுவதையும் அன்றைய ரசனை என்று மட்டுமே சொல்லிக் கடக்க வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிக்காகப் பின்னாளில் வெட்டப்பட்ட பிரதிகளில் இந்தக் கச்சேரியின் சில பகுதிகள் நீக்கப்பட்டிருக்கின்றன. நான் முழுப்பிரதியைப் பார்க்கச் சொல்வேன். சிறுமியின் கேள்விக்கும் பதில் சொல்வேன். வெட்டிய பிரதியில் மெட்டு நடுவில் அறுந்துபோகிறது. அது காதுக்குச் செய்யும் துரோகம்.

படத்தின் முடிவும் பலவீனம். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும் மிக்கியைக் கப்பலின் வட்டச் சன்னலில் வந்து உட்கார்ந்து கிளி கேலி செய்கிறது, அவன் கையிலிருந்த கிழங்கை எறிகிறான், கிளி ஆற்றில் விழுந்து கத்துகிறது, இவன் சிரிக்கிறான். ஆரம்பத்தில் சோப்பில் வழுக்கி வாளியில் விழுந்தபோது அவனைப் பார்த்துச் சிரித்த அதே கிளிக்குக் கொடுக்கும் பதிலடி இது என்றாலும், அத்தனை பெரிய கச்சேரிக்குப் பின் மங்களம் பாடாமல் எழுந்துபோவதைப் போல இருக்கிறது. இன்னொன்று, இந்தப் படத்தில் மனித மொழி பேசுவது ஏறக்குறைய அந்தக் கிளி ஒன்றுதான். மிக்கிக்குச் சிரிப்பும் கீச்சொலியும் மட்டுமே; அவற்றைக் கொடுத்தவர் வால்ட் டிஸ்னியே. அதனால் மொழி தெரியாத குழந்தைக்கும் முதியவருக்கும் இது ஒரே மாதிரி புரியும். மொழிமாற்றமும் வசன எழுத்தும் தேவைப்படாத படம்.

வரைகலையைப் பற்றி. மிக்கியின் தலை ஒரு வட்டம், காதுகள் இரண்டு வட்டம். கைகால்கள் மூட்டில்லாத குழாய்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் காதுகள் வட்டமாகவே இருக்கும். வேகமாக வரைவதற்கு இது வசதி. அசைவு தாளத்துக்கு வளைந்துகொடுக்கவும் வசதி. பீட் அவனுடைய இடுப்புச் சதையைப் பிடித்து இழுக்கும்போது உடம்பு ஒரு முழம் நீள்கிறது. மிக்கி அதை மடித்துக் கால்சட்டைக்குள் செருகிக்கொள்கிறான். இந்தப் படத்தில் அவனுக்கு வெள்ளைக் கையுறை கிடையாது. அது 1929இல்தான் வந்தது. ஏன் தேவைப்பட்டது என்பதை இதிலேயே பார்க்கலாம்: கறுப்புக் கை கறுப்பு உடம்புக்கு முன்னால் வரும்போது விரல்கள் காணாமல் போய்விடுகின்றன. பின்னணிகள் எளிமையானவை, கரையும் மரமும் நகர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஓவிய அழகைத் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது குறைவு.

பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில இருக்கின்றன. இந்தப் படத்தின் விஷயத்தில் அவை அலங்காரமல்ல, அவை தவறினால் படமே தவறிவிடும். முதலாவது ஒலி. புளூடூத் ஒலிபெருக்கிகள் பல, ஒலியைச் சற்றுப் பிந்தித்தான் வெளியிடும். சாதாரணப் படத்தில் வாயசைவு கொஞ்சம் பிசகினால் நாம் பொறுத்துக்கொள்வோம். இங்கே கால் வினாடி பிந்தினால் ஆறு ஃபிரேம் பிந்தியதாகக் கணக்கு. மிக்கியின் கொட்டு பல்லை விட்டு எழும்பிய பிறகு சுரம் கேட்கும். எங்கள் நூலகத்தில் முதலில் அப்படித்தான் ஆயிற்று, ஒருவரும் சிரிக்கவில்லை. கம்பி வைத்து ஒலிபெருக்கியை நேரடியாக இணைத்து மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிய உடனே அதே கூட்டம் அதே காட்சிகளுக்குச் சிரித்தது. இந்தப் படம் எதனால் ஆனது என்பதற்கு அதைவிட நேரான நிரூபணத்தை நான் கண்டதில்லை.

இரண்டாவது, திரையின் அளவு. படம் எடுக்கப்பட்டது ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில். இன்றைய தொலைக்காட்சிகள் தாமாகவே அதை அகலமாக இழுத்துவிடுவதுண்டு. மிக்கியின் காதைப் பாருங்கள். முட்டை வடிவமாகத் தெரிந்தால் அமைப்பை மாற்றிவிடுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மூன்றாவது, பிரதி. டிஸ்னி நிறுவனமே தன் அசைவூட்டப் படப்பிரிவின் யூடியூப் அலைவரிசையில் இதை வெளியிட்டிருக்கிறது, கட்டணம் இல்லை. 2024 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் இதன் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால் வேறு பிரதிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. வண்ணம் பூசியதையும், பழைய ஒலியை நீக்கிப் புதிய இசை போட்டதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஆரம்பச் சீட்டியில் பழைய பதிவுக்கே உரிய கரகரப்பு கேட்க வேண்டும். படகின் மூன்று நீராவி ஊதல்களின் ஒலியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இவை இருந்தால் சரியான பிரதிதான்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் நூலகம் நடத்துகிறவர்களுக்கும் இதை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். ஐந்தாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காட்டலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. மிருதங்கமோ தவிலோ கற்கும் பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களைக் கட்டாயம் அழையுங்கள். பாட்டு தொடங்கியதும் தாளம் போடச் சொல்லுங்கள், மிக்கியின் எந்த அசைவு தட்டில் விழுகிறது, எது வீச்சில் விழுகிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள். வேடிக்கை காட்டும் படமாக மட்டும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டால் இதில் பாதி வீணாகும்.

நேரம் இருந்தால் இதையடுத்து ‘பிளேன் கிரேஸி’யையும் போட்டுக் காட்டலாம். ஊமைப் படமாக வரையப்பட்டு, ‘ஸ்டீம்போட் வில்லி’யின் வெற்றிக்குப் பின் ஒலி சேர்த்து 1929இல் வெளியிடப்பட்ட படம் அது. வரைந்த கை அதே ஐவர்க்ஸின் கை. ஓட்டமும் குறும்பும் அதில் குறைவில்லை. சில இடங்களில் ஓவியம் இதைவிடத் துணிச்சலானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதில் இசை படத்தைத் துரத்திக்கொண்டே வருகிறது. அசைவு ஒரு பக்கம் முடிய, பாட்டின் அடி வேறு பக்கம் முடிகிறது. ‘ஸ்டீம்போட் வில்லி’யை முதலிலும் அதை இரண்டாவதாகவும் பார்ப்பதே சரியான வரிசை. பிறகு 1929இலேயே வெளிவந்த ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’ படத்தைச் சேர்த்துக்கொண்டால், கதையைக் கிட்டத்தட்ட முழுவதும் உதறிவிட்டு இசையை மட்டும் பிடித்துக்கொண்டு இவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதும் தெரியும். மூன்றையும் சேர்த்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.